எதிரியைச் சுடாத கோட்டை

'பற்றரி' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் என் தலைமுறையினர் ஒரு காலத்தில் தாழ்ந்த குரலிலேயே உச்சரித்தனர். 1990 களில் வடபகுதிக்குக் கொண்டுசெல்வதற்கு அரசாங்கம் தடை விதித்திருந்த பொருட்களின் நீண்ட பட்டியலில் ரோச் லைற்றுக்குப் போடும் அந்தச் சிறிய உருளையும் இடம்பிடித்திருந்தது. வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிய அந்த நாட்கள் இன்று உலகின் எத்தனையோ நாடுகளில் வாழும் எம்மவர்களுக்கு மறந்திருக்காது. ஆகவே, நியூயோர்க் மாநகரில் மன்ஹட்டன் தீவின் தென்கோடியில் 'த பற்றரி' என்ற பெயரில் ஒரு பூங்கா இருப்பதை அறிந்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஆங்கிலத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட பீரங்கிகளின் தொகுதிக்கும் அதுவே பெயர். 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அந்தக் கரையில் பீரங்கிகளை நிறுத்திய காலத்திலிருந்து வழங்கிவரும் பெயர் அது. பீரங்கிகள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது. பல தசாப்தங்களாக 'பற்றரி பார்க்' என்று அழைக்கப்பட்ட பூங்காவுக்கு 2015 ஆம் ஆண்டில் பழைய பெயரே மீண்டும் சூட்டப்பட்டது.

2019 ஆம் ஆண்டு கோடைகாலத்தில் அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது ஸ்ரேற்றன் தீவில் வசிக்கும் எனது தமக்கையின் மகனுடன் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். இலங்கையர்கள் கணிசமான தொகையில் குடியேறியிருக்கும் தீவு அது. அங்கிருந்து மன்ஹட்டனுக்கு வருபவர்களை ஏற்றிக்கொண்டு இரவு பகலாகப் படகுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1997 இலிருந்து அந்தப் பயணத்துக்குக் கட்டணம் கிடையாது. படகு வந்து சேரும் இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே பூங்கா. மருமகன் பத்தொன்பது வருடங்களாக அந்தப் படகில் வேலைக்கு வந்து போகிறான். நாளுக்கு இரு தடவைகள் பூங்காவின் ஓரமாக நடந்து செல்கிறான். ஆனால், அதன் நடுவேயுள்ள கோட்டைக்குள் ஒரு நாளாவது காலடி எடுத்துவைத்ததில்லை.

"உதுக்குள்ளை ஒண்டும் இல்லை மாமா. சிலைக்குப் போற ரிக்கற் விக்கிற இடம்" என்றான்.

ஒருவகையில் அவன் சொன்னது சரிதான். காஸில் கிளின்டன் என்ற அந்தச் செந்நிறக் கற்கோட்டையின் நடுமுற்றத்தில் சுதந்திரதேவி சிலைக்குச் செல்லும் படகுகளுக்கான நுழைவுச்சீட்டுகளை விற்கிறார்கள். உல்லாசப் பயணிகளில் பெரும்பாலானோர் வாயிலால் நுழைந்து, வரிசையில் நின்று, சீட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கத்தால் கடலை நோக்கிப் போய்விடுகிறார்கள். கூரையில்லாத வட்ட வடிவச் சுவரை அண்ணாந்து பார்ப்பவர்கள் வெகு சிலரே. ஆனால், செய்தியாளனாக ஐம்பது வருடங்களைக் கழித்தவனுக்கு ஒரு பழைய கட்டடத்தின் வாயிலைக் கடந்து போவது இலகுவானதல்ல. "வா தம்பி, அரை மணித்தியாலம்" என்று அவனை இழுத்துக்கொண்டு நுழைந்தேன். அந்த அரை மணித்தியாலம் மூன்று மணித்தியாலங்களாகிவிட்டது.

1807 ஆம் ஆண்டில் பிரித்தானியப் போர்க்கப்பலொன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பலின்மீது சுட்டதைத் தொடர்ந்து இரு நாடுகளுக்கும் இடையில் பதற்றம் முற்றியது. நியூயோர்க் துறைமுகத்தைப் பாதுகாப்பதற்காக நான்கு கோட்டைகளை அமெரிக்கர்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்றுதான் 1808 க்கும் 1811 க்கும் இடையில் எழுந்த இது. அப்போது இது கரையில் இருக்கவில்லை. கடலுக்குள் ஏறத்தாழ இருநூறு அடி தள்றி இருந்த பாறைத்திட்டின்மேல், மரப்பாலத்தால் கரையுடன் இணைக்கப்பட்டு நின்றது. 28 பீரங்கிகள் கடலைப் பார்த்துக் காத்திருந்தன. 1812 இல் போர் மூண்டது. 1814 ஆகஸ்டில் பிரித்தானியப் படைகள் வாஷிங்டன் நகருக்குள் புகுந்து ஜனாதிபதி மாளிகையையே எரித்தன. ஆனால், நியூயோர்க்குக்கு அவர்கள் வரவில்லை. இந்தக் கோட்டையின் பீரங்கிகள் மரியாதை வேட்டுகளைத் தீர்த்தனவே தவிர, எதிரியை நோக்கி ஒரு தடவையேனும் முழங்கவில்லை. போர் முடிந்த பின்னர், நகரின் மேயராகவும் பிற்காலத்தில் மாநிலத்தின் ஆளுநராகவும் பதவி வகித்த டிவிற் கிளின்டனின் பெயர் கோட்டைக்கு இடப்பட்டது.

அந்த நான்கு கோட்டைகளுக்கும் நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எதிரேயுள்ள கவர்னர்ஸ் தீவுக் கோட்டை இராணுவச் சிறைச்சாலையாகியது. இன்னொன்று இருந்த சிறிய தீவுதான் பின்னர் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையமாகியது. பதினொரு முனை கொண்ட நட்சத்திர வடிவிலான மூன்றாவது கோட்டையின்மேல் சுதந்திரதேவி நிற்கிறாள். சிலையைப் படம்பிடிக்கும் இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் அவளது காலடியில் இருப்பது ஒரு யுத்தக் கோட்டை என்பதைக் கவனிக்கிறார்களோ தெரியாது.

இராணுவம் 1821 இல் வெளியேறியதை அடுத்து கோட்டை நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. 1824 ஜூலையில் 'காஸில் கார்டன்' என்ற பெயரில் அது பொழுதுபோக்கு அரங்காகத் திறக்கப்பட்டது. 1840 களில் கூரையும் போட்டார்கள். 1850 செப்டெம்பர் 11 ஆம் திகதி சுவீடன் நாட்டுப் பாடகி ஜெனி லிண்ட் அமெரிக்காவில் தனது முதலாவது கச்சேரியை இங்குதான் நடத்தினார். ஏலத்தில் முதலாவது நுழைவுச்சீட்டு 225 டொலருக்குப் போனது. வாங்கியவர் ஒரு தொப்பி வியாபாரி. அந்த விளம்பரத்தால் அவரது வியாபாரம் பெருகியது என்பது வேறு கதை.

அந்தக் கச்சேரி நடந்து ஐந்து வருடங்கள் கழிய முன்னரே அதே மண்டபத்தின் வாசலில் மூட்டை முடிச்சுகளுடன் அயர்லாந்துக்காரர்களும் ஜேர்மனியர்களும் வந்து நின்றார்கள்.

உருளைக்கிழங்குப் பஞ்சத்தாலும் அரசியல் குழப்பங்களாலும் ஐரோப்பாவிலிருந்து மக்கள் அலை அலையாக வந்துகொண்டிருந்த காலம் அது. கப்பலிலிருந்து இறங்கியவர்களைப் பிடித்துக்கொள்வதற்கென்று துறைமுகத்தில் ஒரு கூட்டம் காத்திருந்தது. தங்குமிடம் காட்டுவதாகச் சொல்லி மூட்டைகளைப் பறித்து, பிறகு அவற்றை மீட்பதற்குப் பணம் கேட்டார்கள். செல்லுபடியாகாத ரயில் சீட்டுகளை விற்றார்கள். நாணயத்தை மாற்றித் தருவதாகக் கூறிக் கொள்ளையடித்தார்கள். ஜேர்மனியனை ஏமாற்றியவன் ஜேர்மன் மொழி பேசினான்; அயர்லாந்துக்காரனை ஏமாற்றியவன் அயர்லாந்துக்காரன். எம்மவர்கள் மத்தியில் 'ஏஜென்சி' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் காணிகளும் தாலிக்கொடிகளும் போயிருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கொள்ளையைத் தடுப்பதற்காக நியூயோர்க் மாநிலத்தின் குடிவரவு ஆணையாளர்கள் கோட்டையைக் குத்தகைக்கு எடுத்து, 1855 ஆகஸ்ட் 3 ஆம் திகதி அதை வரவேற்பு நிலையமாகத் திறந்தார்கள். சுற்றிவரக் கடலும் மதிலும் இருந்ததால் ஏமாற்றுக்காரர்களை வெளியே நிறுத்திவைக்க முடிந்தது. எதிரியை மறிப்பதற்காகக் கட்டப்பட்ட சுவர், வந்திறங்கியவர்களைச் சொந்த மொழிக்காரத் திருடர்களிடமிருந்து காப்பாற்றியது! அங்கே பெயரைப் பதிந்தார்கள். நியாயமான மாற்று விகிதத்தில் பணத்தை மாற்றிக் கொடுத்தார்கள். உண்மையான ரயில் சீட்டுகளை விற்றார்கள். கடிதம் எழுதிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். பின்னர் வேலை தேடிக்கொடுக்கும் பிரிவும் ஏற்படுத்தப்பட்டது. 1890 ஏப்ரில் வரையான 35 வருட காலத்தில் 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த வாயிலின் ஊடாக அமெரிக்க மண்ணில் காலடி வைத்தனர். எல்லிஸ் தீவைப் பற்றி உலகம் அறிந்திருக்கிறது. அது 1892 இல்தான் திறக்கப்பட்டது.

அயலில் வசித்த செல்வந்தர்கள் கூட்டம் கூடி இதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நோய் பரவும், சொத்துகளின் மதிப்புக் குறையும் என்பது அவர்களின் வாதம். இன்று அகதிகளுக்கு எதிராக எந்த நாட்டில் கூட்டம் நடந்தாலும் அதே இரண்டு வாதங்களைக் கேட்கலாம். அந்த நிலையம் கடைசிவரை தூய்மையாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1880 களில் அதற்குள்ளேயே ஊழல் புகுந்துவிட்டதாக ஜோசப் புலிற்சரின் 'வேர்ல்ட்' பத்திரிகை தொடர்ந்து எழுதியது. அந்தப் புலிற்சரும் 1864 இல் ஹங்கேரியிலிருந்து கையில் காசில்லாமல் வந்திறங்கியவரே. சிலைக்குப் பீடம் அமைக்கப் பணமில்லாமல் வேலை நின்றுபோனபோது, 1885 இல் தனது பத்திரிகையின் மூலம் 1,20,000 இற்கும் மேற்பட்ட சாதாரண மக்களிடமிருந்து ஒரு இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிக்கொடுத்தவர் அவர். எவ்வளவு சிறிய தொகையைக் கொடுத்தவரினதும் பெயரைப் பத்திரிகையில் அச்சிடுவதாக வாக்களித்து அதைச் செய்தும் காட்டினார். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் எப்போதாவது பெருமைப்பட்டுக்கொள்வதற்கு இப்படி ஓரிரு சம்பவங்கள் இருக்கின்றன.

இத்திஷ் மொழி பேசிய யூதர்களின் வாயில் 'காஸில் கார்டன்' என்பது 'கெசல்கார்ட்டன்' என்று திரிந்தது. இரைச்சலும் குழப்பமும் நிறைந்த எந்த இடத்தையும் பிற்காலத்தில் அந்தப் பெயராலேயே அவர்கள் குறிப்பிட்டார்கள்.

சுவரையொட்டிய சிறிய காட்சிக்கூடத்தில், வெவ்வேறு காலங்களில் அந்த இடம் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் மாதிரியுருக்களை வைத்திருக்கிறார்கள். மருமகன் அவற்றின் முன்னால் நின்று விளக்கக் குறிப்புகளை ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தான். அவசரப்படுத்தியவன் அவன், இப்போது நகர மறுத்தவனும் அவன்தான்.

"மாமா, இவையளுக்கு மொழி தெரிஞ்ச ஆக்களையும் வச்சிருந்திருக்கினம்" என்றான்.

அவன் 1997 இல் இருபத்து நான்கு வயதில் நியூயோர்க்கில் விமானத்திலிருந்து இறங்கி அகதித் தஞ்சம் கோரியவன். ஐந்து மாதங்கள் அவனை அடைத்து வைத்திருந்தார்கள். பண்டகசாலைகள் நிறைந்த ஒரு பகுதியில் யன்னல்களே இல்லாத கட்டடம். வெயிலைப் பார்க்காமல் ஐந்து மாதங்கள் என்று தமக்கை எனக்கு அந்த நாட்களில் எழுதியிருந்தாள். அவன் வாயால் நான் ஒருபோதும் கேட்டதில்லை. அன்று அந்தக் கோட்டைச் சுவரோரத்தில் நின்றவாறு தானாகவே சொன்னான்.

"எனக்கு ரெலிபோனிலை ஒரு ஆள் மொழிபெயர்த்தவர் மாமா. இந்தியத் தமிழர். நல்ல மனுசன்தான். நான் 'ஆமிக்காரனோடை கதைச்சனான்' எண்டு சொன்னால், அவர் 'கதை சொன்னேன்' எண்டு விளங்கிப்போட்டார். கட்டுக்கதை சொல்லித் தப்பினதாக எழுதிப்போட்டாங்கள். பிறகு அதைத் திருத்த லோயருக்கு மூண்டு மாசம் எடுத்தது."

கதைத்தல் என்ற ஒரு வினைச்சொல். யாழ்ப்பாணத்தில் அது பேசுதல். பாக்கு நீரிணைக்கு அப்பால் அது அவ்வாறு வழங்குவதில்லை. அந்த இடைவெளிக்குள் ஓர் இளைஞனின் வாழ்க்கை மூன்று மாதங்கள் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஐம்பது வருடங்களாகச் சொற்களை வைத்துப் பிழைத்துவரும் எனக்கு அதற்குமேல் அவனிடம் கேட்பதற்கு எதுவும் தோன்றவில்லை. தனக்கு வழங்கப்பட்ட ஒன்பது இலக்கங்களைக் கொண்ட கோவை எண்ணை அவன் தடுமாறாமல் ஒப்புவித்தான். இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகும்!

பதிவேடுகளைப் பற்றிய இன்னொரு சங்கதியும் உண்டு. காஸில் கார்டன் மூடப்பட்டபோது அங்கிருந்த குடிவரவுப் பதிவேடுகள் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1897 ஜூன் 15 ஆம் திகதி அதிகாலையில் அந்தத் தீவின் மரக்கட்டடங்கள் தீப்பற்றி எரிந்தன. உயிரிழப்பு எதுவும் இல்லை. ஆனால், 1855 தொடக்கம் எழுதப்பட்ட ஏடுகள் சாம்பலாகிவிட்டன. சுங்கத் திணைக்களம் தனியாக வைத்திருந்த கப்பல் பயணிகளின் பட்டியல்கள் தப்பியதால் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் முன்னோரின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது பிரதி என்று ஒன்று இருந்திருக்கிறது. 1981 ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரிந்தவற்றில் பலவற்றுக்கு இரண்டாவது பிரதி இருக்கவில்லை.

கோட்டையின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1896 டிசம்பரில் அது மீன் காட்சியகமாகியது. அனுமதி இலவசம் என்பதால் ஏழை எளியவர்களின் பிள்ளைகள் அங்கு அலைமோதினார்கள். பிறகு வந்தார் ரொபேட் மோசஸ். வாக்குகளால் எந்தப் பதவிக்கும் தெரிவு செய்யப்படாமலே பல தசாப்தங்களாக நியூயோர்க்கின் பூங்காக்களையும் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் தன் விருப்பப்படி அமைத்த அதிகாரி அவர். 1939 இல் புரூக்ளினுக்குப் பாலம் போடுவதற்குத் திட்டமிட்டார். பூங்காவின் பெரும்பகுதியை அந்தப் பாலம் விழுங்கியிருக்கும். எதிர்ப்பு வெள்ளை மாளிகைவரை சென்றது. ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் பாரியார் எலினோர் தனது பத்திரிகைப் பத்தியில் அதைப் பற்றி எழுதினார். குண்டுவீச்சில் பாலம் விழுந்தால் கடற்படைத் தளத்துக்கான பாதை அடைபட்டுவிடும் என்று காரணம் கூறி யுத்தத் திணைக்களம் அனுமதி மறுத்தது. அதே பாதைக்குக் குறுக்கே ஏற்கெனவே இரு பாலங்கள் நின்றுகொண்டிருந்தன என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சில வேளைகளில் நல்ல காரியங்களும் பொய்க் காரணங்களால் நடந்தேறிவிடுகின்றன.

பாலம் சுரங்கப்பாதையாக மாறியது. ஆனால், தோல்வியை மறக்கிற மனிதரல்ல மோசஸ். சுரங்க வேலைகளைக் காரணம்காட்டி 1941 இல் மீன் காட்சியகத்தை மூடி, கோட்டையையும் இடித்துவிட முனைந்தார். நகரப் பற்றாளர்கள் சிலர் நீதிமன்றத்துக்கும் கொங்கிரஸுக்குமாக வருடக்கணக்கில் அலைந்தார்கள். 1946 ஆகஸ்டில் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னரும் போராட்டம் ஓயவில்லை. கூரையும் மேற்கட்டுகளும் இடிக்கப்பட்டு, ஆதியில் இருந்த கற்சுவர் மாத்திரம் எஞ்சிய நிலையில் 1950 இல்தான் அது மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது 1975 ஆம் ஆண்டாகிவிட்டது. 34 வருடங்கள்!

பூங்காவின் வடக்கே, வீதிக்கு அப்பால் பழைய சுங்கக் கட்டடம் ஒன்று கம்பீரமாக நிற்கிறது. இன்று அதில் அமெரிக்கப் பழங்குடியினரின் அரும்பொருட்காட்சியகம் இயங்குகிறது. அந்த நிலத்தில்தான் ஒல்லாந்தரின் அம்ஸ்ரடாம் கோட்டை இருந்தது. நியூயோர்க்குக்கு அப்போது நியூ அம்ஸ்ரடாம் என்று பெயர். 1664 இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றபோது ஆளுநர் ஸ்ரைவ்சன்ற் போரிடவே விரும்பினார். நகர மக்கள் மனுவெழுதி அவரைச் சரணடைய வைத்தார்கள். 1790 இல் அந்தக் கோட்டையை இடித்து, கற்களையும் மண்ணையும் கரையை நிரப்பப் பயன்படுத்தினார்கள். அதாவது, பூங்காவில் நாம் மிதிக்கும் நிலத்தின் அடியில் ஒல்லாந்தரின் கோட்டை கிடக்கிறது.

அங்கு நிற்கும் யாழ்ப்பாணத்தவன் எவனுக்கும் பண்ணைக் கடலோரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அதே ஒல்லாந்தர். கம்பனி மாத்திரம் வேறு. அங்கே மேற்கிந்தியக் கம்பனி, இங்கே கிழக்கிந்தியக் கம்பனி. நியூ அம்ஸ்ரடாமை இழப்பதற்கு ஆறு வருடங்கள் முன்னர், 1658 ஜூனில், போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, பின்னர் அதை ஐங்கோண வடிவில் புதிதாக எழுப்பினார்கள். 1795 இல் பிரித்தானியரிடம் அதையும் எதிர்ப்பின்றியே ஒப்படைத்தார்கள். இரு கோட்டைகளின் கதையும் அதுவரை ஒன்றுபோலவே செல்கிறது. எமது கோட்டை அதன் பிறகுதான் இரத்தத்தைக் கண்டது. சிறைச்சாலையாக, இராணுவ முகாமாக, முற்றுகைக் களமாக இருந்தது. 1990 ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை அதைச் சூழ நடந்த சண்டையையும், யாழ்.நகரின்மீது விழுந்த குண்டுகளையும் அங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் அந்தப் போரில் அழிந்தே போனது.

யுத்தம் முடிந்த பின்னர், நெதர்லாந்தின் உதவியும் பெற்றுக் கோட்டையைத் திருத்தத் தொடங்கினார்கள். இப்போது மாலை வேளைகளில் அதன் கொத்தளங்களில் குடும்பங்கள் உலாவுகின்றன. காதலர்கள் மதில்களில் அமர்ந்து கடலேரியைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். எவராலும் நெருங்க முடியாமல் இருந்த ஓர் இடத்தில் ஐஸ்கிறீம் வண்டியின் மணியோசை கேட்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், நான் அங்கு நடந்த மாலையில் வாசித்த அறிவிப்புப் பலகைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் காலங்களைச் சொல்வதோடு நின்றுவிட்டன. சுவரில் எஞ்சியிருந்த துளைகள் எப்போது, யாரால் ஏற்பட்டவை என்று என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி தகப்பனிடம் கேட்டாள். "அது பழசு பிள்ளை" என்றார் அவர்.

காஸில் கிளின்டனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்று நான் கூறவரவில்லை. அந்தத் தீவின் உண்மையான உரித்தாளர்களான லெனாப்பே மக்களைப் பற்றியும், ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களைப் பற்றியும் அந்தப் பூங்காவில் வெகு குறைவாகவே கண்டேன். ஆனால், இடித்தவர்களையும் இடிக்கவிடாமல் தடுத்தவர்களையும் பற்றிப் பகிரங்கமாகப் பேச முடிகிறது. வாசலில் நிற்கும் 'குடியேறிகள்' என்ற வெண்கலச் சிற்பத்தில் முழந்தாளிட்டு வானத்தைப் பார்க்கும் மனிதர்களுக்குள் விடுதலையடைந்த ஓர் ஆபிரிக்க அடிமையும் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அத்தகைய ஒரு சிற்பத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் எந்தத் திணைக்களம் அதை எந்தத் திணைக்களத்துக்கு அனுப்பும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இயற்கையும் அந்தக் கோட்டையை விட்டுவைக்கவில்லை. 2012 ஒக்டோபர் 29 ஆம் திகதி சாண்டிச் சூறாவளியின்போது கடல் பொங்கிப் பூங்காவையும் கோட்டையையும் மூழ்கடித்தது. 2024 இல் தொடங்கிய பணிகளின் மூலம் கரையோர நடைமேடையை ஐந்து அடியளவு உயர்த்துகிறார்கள். கோட்டையில் பீரங்கிகள் இருந்த காலத்தில் வராத எதிரி இப்போதுதான் வருகிறது போலும்.

கோட்டையிலிருந்து வெளியேறிக் கரையோரமாக வடமேற்கே நடந்தோம். அங்கே தண்ணீருக்குள் ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. கடலில் உயிரிழந்த வர்த்தகக் கப்பல் மாலுமிகளுக்காக 1991 இல் அமைக்கப்பட்டது. சாய்ந்துபோன படகொன்றின்மேல் மூன்று பேர். ஒருவன் முழந்தாளில் நிற்கிறான். ஒருவன் வாயில் கைகுவித்துக் கூவுகிறான். மற்றவன் குப்புறப் படுத்து, நீருக்குள் கிடக்கும் நான்காமவனை நோக்கிக் கையை நீட்டுகிறான். விரல்களுக்கிடையில் சிறிய இடைவெளிதான். 1942 இல் தாம் மூழ்கடித்த கப்பலின் மாலுமிகளை ஜேர்மன் நீர்மூழ்கிக்காரர்களே எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்த சிற்பம் இது. படத்தில் இருந்தவர்களில் ஒருவரும் மீளவில்லை. நீரிலிருப்பவன் நாளொன்றுக்கு இரு தடவைகள், கடல் பெருகும்போது முற்றாக மூழ்கி, வற்றும்போது மீண்டும் வெளியே வருகிறான்.

நாங்கள் போனபோது கடல் பெருகிக்கொண்டிருந்தது. நீர் அவனது கழுத்துவரை வந்திருந்தது. மருமகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"கிளாலி, மாமா" என்றான்.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டிலிருந்து வெளியேறுவதற்கு எம்மவர்கள் இருளில் கடந்த கடலேரி. 1993 ஜனவரியில் அங்கே பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். அவன் அதற்கு அடுத்த வருடம் கடந்தவன். தன்னுடைய படகில் வந்தவர்களைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு சீனத் தம்பதியர் சிற்பத்தின் முன் நின்று எங்களைப் படமெடுத்துத் தருமாறு சைகையால் கேட்டார்கள். அவன் அவர்களின் தொலைபேசியை வாங்கி, மூன்று படங்கள் எடுத்துக் கொடுத்தான். அதற்குள் நீர் கழுத்தைக் கடந்து வாய்வரை ஏறியிருந்தது.

"ஆறு மணிப் படகைப் பிடிப்பம்" என்று கூறிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான்.